அடி தெரிகிற தண்ணீர்

நான் முதன்முதலாகக் கண்டபோது அக்கா நீச்சல் தடாகத்தின் விளிம்பில் குப்புறக் கிடந்தார். வலது கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது. கன்னம் சீமெந்துத் தரையோடு ஒட்டியிருந்தது. கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகச் சரிந்து அசைவில்லாமல் கிடந்தன. பக்கத்தில் ஆளில்லாத சக்கர நாற்காலி ஒன்று நின்றது.

என்னைத் தள்ளிக்கொண்டு வந்தவர் யோகராசா அண்ணை, அந்த நிலையத்தின் வான் சாரதி. அவர் அதைக் கண்டும் காணாதவர் போல வந்துகொண்டிருந்தார். நான்தான் பதறிப்போய்க் கத்தினேன்.

"ஐயோ அண்ணை, அங்க ஒரு ஆள் விழுந்து கிடக்கு!"

குப்புறக் கிடந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"விழேல்லைத் தம்பி. தடவிப் பாக்கிறன். கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோ."

நான் நிற்க முடியாதவன். சொன்ன பிறகு திரும்பி என் சக்கர நாற்காலியைக் கண்டபோதுதான் அது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உடனே சிரித்துவிட்டு, "சரி சரி, இருங்கோ" என்றார். என் முதுகு முறிந்த நாளில் இருந்து என்னோடு கதைத்த எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார்கள். என் முன்னால் வாய்விட்டுச் சிரித்த முதல் ஆள் அவர்.

எனக்கு அக்கராயனில் வயல். உழவு முடித்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தை வரம்பில் ஏற்றும்போது அது என்னையும் கொண்டு வாய்க்காலுக்குள் புரண்டது. கண் விழித்தபோது இடுப்புக்குக் கீழே கால்கள் இருந்தன, ஆனால் என் சொல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த பிறகு இந்த நிலையத்துக்கு அனுப்பினார்கள். முல்லைத்தீவுக் கரையில் இருந்து சற்று உள்ளே, மணலும் வயலும் சந்திக்கிற இடத்தில் அது இருந்தது. முள்ளந்தண்டு பாதித்தவர்கள் தங்கி, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறவும், நாற்காலியில் இருந்து உலகத்துக்குள் போகவும் பழகுகிற இடம். ஒரு கன்னியாஸ்திரி அதை நடத்தினார். நாங்கள் எல்லாரும் அவரைச் சிஸ்டர் என்று கூப்பிடுவோம்.

வெளிநாட்டில் இருந்து உதவி செய்தவர்கள் கட்டிக் கொடுத்ததுதான் அந்தத் தடாகம். கிணற்றுத் தண்ணீர் குடிக்கவே காணாது என்பதால் கடல்நீரைக் குழாயில் எடுத்து நிரப்பியிருந்தார்கள். அந்த உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதில் இருந்தே குளோரின் உண்டாக்கும் பெட்டி ஒன்று மோட்டர் அறைக்குள் இருந்தது. வருகிற ஆட்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "உப்புத் தண்ணிக்குள்ள பாசி வராதுதானே?"

அக்காவும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "கடல் உப்புத்தானே? அங்க பாசி இல்லையோ?"

அக்காவும் எங்களைப் போல வந்தவர்தான். போரின் கடைசி நாட்களில் முதுகில் செல் குண்டின் துண்டு பட்டது. அதைப் பற்றி அவர் விரிவாகக் கதைத்து நான் கேட்டதில்லை. "முதுகில பட்டது" என்பதோடு கதை முடிந்துவிடும். வந்தவர்கள் பழகி வீடு போனார்கள், அவர் போகவில்லை. அவருக்கு அங்கே வேலை இருந்தது. அந்த வேலையை யாரும் அவரிடம் கொடுத்ததில்லை.

ஒவ்வொரு நாள் காலையிலும் அக்கா நாற்காலியில் இருந்து தரைக்கு இறங்குவார். தடித்த மெத்தைத் துண்டு ஒன்றை இடுப்புக்குக் கீழே போட்டுக்கொண்டு, விளிம்பில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரைத் தடவுவார். பிறகு மெத்தையையும் உடம்பையும் சேர்த்துக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அடுத்த பக்கத்தைத் தடவுவார். ஏணியின் பின்பக்கம், படிக்கட்டின் கீழ் மூலை, தண்ணீர் சுற்றாமல் தேங்குகிற இடங்கள், வெயில் அதிகம் படுகிற வடக்குச் சுவர். இப்படியே முழுத் தடாகத்தையும் சுற்றி வருவார். எங்களுக்குக் காலைத் தேநீர் வரும்போது அவர் பாதிச் சுற்றில் இருப்பார்.

ஒரு நாள் நான் கேட்டேன். "அக்கா, தண்ணி பளிங்கு மாதிரிக் கிடக்கு. பச்சை ஒண்டும் தெரியேல்லையே. பிறகு என்னத்தைத் தேடுறியள்?"

"பச்சை தெரிஞ்சால் பிந்திப்போச்சு தம்பி. அது முதலில கைக்குத்தான் தெரியும். கொஞ்சம் வழுக்கும், மீன்ர தோல் மாதிரி. அந்த நேரம் தேய்ச்சு விட்டால் போய்விடும். கண்ணுக்குத் தெரியுற மட்டும் விட்டால், பேந்து அது எங்களை வேலைக்கு வைச்சிருக்கும்."

வழுக்கிற இடத்தைக் கண்டால் குரல் கொடுப்பார். யோகராசா அண்ணை தும்புத்தடியோடு ஓடி வருவார். நீண்ட தடியின் நுனியில் தும்பு கட்டிய அந்தத் துடைப்பத்தைக் குசினியில் ஒன்று, முற்றத்துக்கு ஒன்று என்று எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள். தடாகத்துக்கு என்று அக்கா தனியாக வைத்திருந்தவற்றை வேறு எதற்கும் தொடவிடமாட்டார். ஒரு முறை குசினிக்காரி மீன் கழுவின இடத்தை அதால் கூட்டிவிட்டாள் என்று அந்தத் தும்புத்தடியையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். "இனி உது உங்கட" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் திருப்பி வாங்கவும் இல்லை.

தண்ணீரில் இறங்கும் யாராக இருந்தாலும் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது, உடம்பில் பவுடர் கூடாது, தைலம் பூசிய அன்று தண்ணீர்ப் பக்கமே வரக்கூடாது. ஒவ்வொருவராகக் குனியச் சொல்லி, எண்ணெய் வாசம் வருகிறதா என்று தலையை மணந்து பார்ப்பார். கனடாவில் இருந்து ஒரு குடும்பம் நிலையத்தைப் பார்க்க வந்தது. அந்த ஐயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, புழுதிக் காலைத் தண்ணீரில் வைக்கப் போனார்.

"ஐயா, அந்தப் பைப்படியில காலைக் கழுவிப்போட்டு வாங்கோ."

"ஒரு காலை வைச்சால் என்ன வரப்போகுது பிள்ளை?"

"காலால ஒண்டும் வராது ஐயா. காலில ஒட்டிக்கொண்டு வாறதாலதான் வரும்."

அவர் சிரித்துக்கொண்டே போய்க் கழுவினார். அக்கா அவருடைய மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டு, கொண்டையை மணந்துவிட்டு, "நல்ல வாசம் அம்மா. கதிரையில இருந்து பாருங்கோ" என்றார். சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டரோடு அக்காவுக்கு நடந்த பெரிய சண்டை ஒரு கொன்றை மரத்தால் வந்தது. சிஸ்டர் தன் கையால் நட்டு வளர்த்த மரம் அது. பூக்கும் காலத்தில் தடாகம் முழுக்க மஞ்சள் மிதக்கும். எங்களுக்கு அது அழகு. அக்கா வலைத்தடியால் பூக்களை அள்ளி அள்ளிக் களைத்துப்போய், தண்ணீருக்கு மேலே நீண்ட கிளைகளை வெட்டச் சொன்னார்.

"பூவும் வேண்டாமெண்டால் என்ன மனுசி நீ?" என்றார் சிஸ்டர்.

"பூ மரத்தில நிக்கட்டும் சிஸ்டர். தண்ணிக்குள்ள விழுந்தால் அது பூவில்லை, பாசிக்குச் சாப்பாடு."

சிஸ்டர் சில நாட்கள் அக்காவோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் தானே யோகராசா அண்ணையிடம் கத்தியைக் கொடுத்து, எந்தக் கிளை என்று காட்டினார்.

ஏன் இவ்வளவு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. சிஸ்டர்தான் ஒரு முறை சொன்னார். நான் வருவதற்கு முன், தடாகத்தைக் கவனித்த ஆள் வேலையை விட்டுப் போனபோது, கொஞ்சக் காலம் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் பச்சையானது, பிறகு கலங்கலானது. இறங்குகிற சரிவுப் பாதை வழுக்கியது. விசுவமடுவில் இருந்து வந்த ஒருவர் கையூன்றி அதில் இறங்கும்போது சறுக்கினார். அவருக்கு வலி தெரியாது, எங்களில் யாருக்குத்தான் தெரியும்? சிரித்துக்கொண்டே ஏறி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு படுத்திருக்கிறார். குதிக்கால் உரசிப் பிய்ந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. அந்தப் புண் ஆறவில்லை, எலும்பு வரை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், உயிரோடு திரும்பி வரவில்லை.

"செத்த வீட்டுக்குப் போயிட்டு வந்த அண்டு பின்னேரமே உங்கட அக்கா தும்புத்தடியைக் கேட்டு வாங்கினவ" என்றார் சிஸ்டர். "அண்டு தொட்டு விடேல்லை."

எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கைப்பிடிக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். காலையில் எழும்பியதும் அதைப் பிடித்து முதுகுக்குக் கீழே, குதிக்கால், முழங்காலின் பின்பக்கம் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கு அது வெட்கமாக இருந்தது. பார்த்துவிட்டேன் என்று பொய் சொல்வேன். அக்கா ஒரு நாள் என் கட்டிலடிக்கு வந்து, கண்ணாடியில் படிந்திருந்த தூசியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, நோகிற இடம் தானா உங்களைக் கூப்பிடும். நோகாத இடத்தை நீங்கள்தான் போய்ப் பாக்கவேணும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்றில் இருந்து நான் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன்.

என்னைத் தண்ணீரில் இறக்கிய நாளை மறக்க முடியாது. குளத்துத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன் என்றாலும் நீந்தத் தெரியாது. யோகராசா அண்ணையும் இன்னொருவரும் என்னைத் தூக்கி இறக்கினார்கள். அக்கா ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் முதுகுக்குக் கீழே கொடுத்தார்.

"கீழ பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். என் கால்கள் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தன. யாரும் தூக்கவில்லை. மாதக்கணக்கில் மற்றவர்கள் மூட்டை போலத் தூக்கி வைத்த கால்கள் தாமாக எழுந்து என் கண்ணுக்கு நேரே மிதந்தன. அவற்றுக்குக் கீழே தடாகத்தின் அடியில் போட்டிருந்த நீலக் கோடுகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. நான் அழுதேன். அக்கா அதைக் கவனியாதவர் போல, "கால் விரலை எண்ணிப் பாருங்கோ, எல்லாம் கிடக்கோ?" என்றார். என்னைப் பார்க்க வந்து கரையில் நின்ற என் மனைவி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நான் அக்காவுக்கு முதன்முதலாக உதவியது ஒரு சின்ன விஷயத்தில்தான். மேற்குச் சுவர் மட்டும் திரும்பத் திரும்ப வழுக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் நிற்கவில்லை. வேலிக்கு அப்பால் நெல்வயல். நாற்காலியில் இருந்து பார்த்தபோது பயிரின் கரும்பச்சை எனக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"அக்கா, அந்த வயல்காரர் யூரியா எறிஞ்சிருக்கினம். எங்கட வாய்க்காலும் உரம் எறிஞ்ச கிழமை பச்சை கட்டும். மழைத் தண்ணி வேலிக்குக் கீழால வந்து இஞ்ச விழுகுது போல."

அக்கா என்னைப் பார்த்த பார்வை, பொக்கிசத்தைக் கண்டெடுத்தவரின் பார்வை. அன்று பின்னேரமே வேலியோரம் தண்ணீர் வடிந்து போக ஒரு கான் வெட்டுவித்தார். மேற்குச் சுவர் அடங்கியது. அதன்பிறகு என்னைப் புதிதாக வருகிறவர்களுக்கு, "இவர் பாசிக்கு எங்க இருந்து சாப்பாடு வருதெண்டு கண்டுபிடிச்ச ஆள்" என்று அறிமுகப்படுத்துவார்.

அந்த வருடத்து மாரி பொல்லாத மாரி. மழை விடாமல் அடித்தது. பிறகு காற்றும் சேர்ந்துகொண்டது. மின்கம்பங்கள் விழுந்தன, குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தன. வயல்வெளி எங்கும் ஒரே காவி நிறத் தண்ணீர். கரண்ட் இல்லை. ஜெனரேற்றருக்கு இருந்த எண்ணெய், படுக்கைப் புண் வந்தவர்களின் காற்று மெத்தைகளுக்கும் மருந்து வைத்த குளிர்ப்பெட்டிக்கும்தான் காணும். தடாகத்தின் மோட்டர் நின்றது. குளோரின் பெட்டி நின்றது.

சிஸ்டர் எங்களை மண்டபத்தில் கூட்டிவைத்துச் சொன்னார். "உதவி செய்யிற ஆக்கள் முதலே சொல்லிப்போட்டினம். திரும்பப் பச்சை பிடிச்சால் மண் போட்டு மூடிப்போட்டு, அந்த இடத்தில களஞ்சியம் கட்டலாமெண்டு. தண்ணி ஒரு பக்கம் போகட்டும். உங்கட உயிர்தான் முக்கியம். ஒருத்தரும் வெளியில போகக் கூடாது."

எங்களில் ஒவ்வொருவருக்கும் அந்தத் தண்ணீரில் ஒரு முதல் நாள் இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, வயல் தண்ணியை மறிக்கிறது எப்பிடி?"

வரம்பு கட்டத் தெரியாத அக்கராயன்காரன் இருக்கிறானா? உரப்பைகளில் மணலை நிரப்பி வேலியோரம் அடுக்கச் சொன்னேன். யோகராசா அண்ணையும் பக்கத்து வீட்டு ஆட்களும் நனைந்துகொண்டு அடுக்கினார்கள். அக்கா விறாந்தையில் இருந்து கத்தினார்: "உரப்பையைப் புரட்டிக் கழுவிப்போட்டு நிரப்புங்கோ! உள்ளுக்குள்ள உரம் ஒட்டிக் கிடக்கும்!" மழைக்குள் நின்று பைகளைக் கழுவியவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, ஆனால் கழுவினார்கள். காவித் தண்ணீர் மண்மூட்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே வரவில்லை.

ஆனால் மழையை விடப் பொல்லாதது மழைக்குப் பின் வந்த வெயில். வானம் வெளித்ததும் தகதகவென்று எறித்தது. கரண்ட் வரவில்லை. தண்ணீர் ஓடாமல், குளத்தைப் போல அசையாமல் கிடந்தது.

"வெயிலை மறைச்சால் பாசிக்குப் பாதிச் சீவன் போகும்" என்றார் அக்கா. களஞ்சியத்தில் இருந்த தறப்பாள்கள் எல்லாம் வெளியே வந்தன. அகதி முகாம் காலத்துத் தறப்பாள்கள் அவை. கூடாரமாக நின்று எத்தனையோ குடும்பங்களை மூடிய நீலத் துண்டுகளைக் கயிற்றில் கோர்த்துத் தடாகத்துக்கு மேலே இழுத்துக் கட்டினோம். பொழுதுபட்ட பிறகு கையால் குளோரின் கரைத்து ஊற்றுவார். "பகலில போட்டால் வெயில் திண்டுபோடும்" என்பார். காலையில் நாங்கள் எல்லாரும் நாற்காலிகளோடு விளிம்பைச் சுற்றி இருந்து, சில்லுகளை உருளாமல் பூட்டிக்கொண்டு, தும்புத்தடியால் சுவரைத் தேய்த்தோம். கைக்கு வலு உள்ளவர்கள் ஆழப் பக்கம், இல்லாதவர்கள் படிப் பக்கம்.

அப்படியும் ஒரு காலை, ஆழமான மூலையில், நீளத்துக்கு இணைத்துக் கட்டிய தடியை அடிவரை விட்டு இழுத்த அக்கா, தும்பு நுனியை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அடியில பிடிச்சிட்டுது."

தண்ணீர் போகும் வாய் இருந்த பள்ளம் அது. தடி அங்கே சரியாகப் படியாது, சறுக்கும். இன்னும் ஒரு நாள் விட்டால் அங்கிருந்து பரவிவிடும் என்றார். பிறகு பயிற்சி அறையில் இருந்த இரும்புப் பாரக்கட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

சிஸ்டருக்கு உடனே விளங்கிவிட்டது. "விசரோ உனக்கு? அடி முழுக்கச் சொரசொரப்பு. கால் கிழிஞ்சால் உனக்குத் தெரியாது பிள்ளை. உனக்கும் அந்த விசுவமட்டுக்காரனைப் போல..."

"அதுக்குத்தான் சிஸ்டர், சுத்திக் கட்டித் தாங்கோ."

பிறகு சிஸ்டர் உள்ளே போய்த் தன்னுடைய பழைய வெள்ளை உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நீளநீளமாகக் கிழித்தார். நிலத்தில் இருந்து, அக்காவின் கால்களை மடியில் வைத்து, பெருவிரலில் இருந்து தொடைவரை இடைவெளி இல்லாமல் சுற்றினார். சுற்றும்போது அவருடைய உதடுகள் செபம் சொல்லிக்கொண்டே இருந்தன.

அக்காவின் இடுப்பில் கயிறு கட்டினோம். மறு நுனி என் கையில். யோகராசா அண்ணை என் நாற்காலியைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஒருக்கா இழுத்தால் நான் சுகம். விடாமல் இழுத்தால் தூக்குங்கோ" என்றார் அக்கா. அந்த மூலையில் தறப்பாளை விலக்கினோம். தேய்க்கிற பிறஸ் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, இரும்புக் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விளிம்பில் இருந்து சாய்ந்தார். சத்தமே இல்லாமல் போய்விட்டார்.

கயிறு என் விரல்களுக்குள்ளால் ஓடியது. பிறகு நின்றது.

எட்டிப் பார்த்தேன். வெயில் ஒரு துண்டாக உள்ளே இறங்கியிருந்தது. அதற்குள் அக்கா தெரிந்தார். கட்டையைக் கீழே வைத்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். கூந்தல் அவிழ்ந்து மேலே நின்றது. அந்தக் கால்களை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கட்டிலில் இருந்து இறங்கும்போது அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைப்பார். இப்போது அவை வெள்ளைச் சுற்றோடு அவருக்குப் பின்னால் நீண்டு, அவர் திரும்பிய பக்கமெல்லாம் பாரமில்லாமல் திரும்பின. கீழே இருந்த அந்த மனுசிக்கு ஒரு குறையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாங்கள்தான் முடங்கிக் கிடந்தோம்.

கயிறு அசையவில்லை. "அண்ணை, இழுப்பமோ?" என்றேன். அவர் பதில் சொல்ல முன், கயிறு ஒரு முறை சுண்டியது. கொஞ்ச நேரத்தில் மேலே வந்தார். கண் சிவந்திருந்தது. காற்றை இழுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றவர் எங்களைப் பார்க்காமலே திரும்பக் கீழே போய்விட்டார். இப்படி எத்தனை தரம் போனார், வந்தார் என்று தெரியாது. யாரும் எண்ணுகிற நிலையில் இல்லை. படுக்கையை விட்டு எழும்பாத ஆட்கள்கூடத் தங்களைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி வந்துவிட்டார்கள். தண்ணீர் பிளந்து அவர் தலை வெளியே வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் எல்லாருடைய மூச்சும் ஒன்றாக வெளியே வரும்.

கடைசி முறை வந்தபோது, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இப்ப வழுக்கேல்லை."

அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தியதும் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு, சுற்றிய துணியை அவிழ்த்தார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். தடாகம் எங்கள் யாருடைய நினைப்பிலும் இல்லை. விசுவமட்டுக்காரரின் கதை எல்லாருக்கும் தெரியும். வெகு நேரம் கழித்துச் சிஸ்டர் வெளியே வந்தார். கண்ணாடி கையில் இருந்தது.

"ஒரு கீறல் இல்லை" என்றார். "விரலிடுக்கு எல்லாம் பாத்திட்டன். ஒரு கீறல் இல்லை." சொல்லிவிட்டு அங்கேயே சுவரோடு சாய்ந்து நின்று அழத் தொடங்கினார்.

சில நாட்களில் கரண்ட் வந்தது. மோட்டர் உறுமத் தொடங்கியதும் தறப்பாள்களைக் கழற்றினோம். ஒரு பக்கமாகச் சுருட்டிக்கொண்டு போகப்போக, கீழே நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆழப் பக்கத்தின் அடியில் கறுப்பாகச் சிறிய பொருள் ஒன்று கிடந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தோம். கொண்டையூசி. அதன் வளைவுகூட மேலே இருந்து தெரிந்தது.

"அது என்ர" என்றார் அக்கா வெட்கத்தோடு. "எடுத்துத் தாங்கோ ஆராவது. துருப்பிடிச்சால் கறை பிடிக்கும்."

உதவி செய்கிறவர்களின் ஆட்கள் பிறகு வந்து பார்த்தார்கள். வெள்ளம் பார்த்த ஊரில் அப்படி ஒரு தண்ணீரை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. களஞ்சியத்தைப் பற்றிய கதை அதோடு நின்றது.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது வயலைக் குத்தகைக்குக் கொடுக்காமல், வரம்போரம் நாற்காலி போகப் பாதை போட்டு, நானே கூட இருந்து செய்விக்கிறேன். நிலையத்தில் ஜெயபுரத்தில் இருந்து போன ஒரு பெண் தடாகத்தைப் பொறுப்பெடுத்துவிட்டாள் என்றும், அவளும் எண்ணெய்த் தலையோடு யாரையும் விடுவதில்லை என்றும் அறிந்தேன். அக்கா கடற்கரையில் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம்.

போன சித்திரையில் மனைவியோடு ஓட்டோவில் அவரைப் பார்க்கப் போனேன். கடலுக்கு மிகக் கிட்ட ஒரு வீடு. முற்றத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அக்காவின் தம்பி மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அக்கா எங்க?"

அவ கத்தியை நீட்டிக் கடலைக் காட்டினா.

அலை விளிம்பில், ஈர மணலில், சக்கர நாற்காலி ஒன்று வெறுமையாக நின்றது. தம்பிக்காரன் காலையில் தூக்கிக் கொண்டுபோய் அலைக்கு அப்பால் விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போய்விடுவாராம். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தேன். அலைகளுக்கு அப்பால் கடல் அமைதியாக, அடி தெரியாத கருநீலமாகக் கிடந்தது. ஒருவரையும் காணவில்லை. என் மனைவி என் தோளைப் பிடித்தாள். பிடி இறுகியது.

"தனியாவோ விட்டிருக்கிறியள்?" என்று கேட்டாள்.

"ஆர் அவவை மறிக்கிறது?" என்றா தம்பி மனைவி, மீனைப் புரட்டிக்கொண்டே. "அந்தா பாருங்கோ."

அவ காட்டிய இடம் நான் தேடிய இடத்தை விட வெகு தூரத்தில் இருந்தது. ஒரு கறுப்புத் தலை. அது எங்கள் பக்கம் வரவில்லை. கரைக்குச் சமாந்தரமாக, நிதானமாக, இரண்டு கைகளும் மாறி மாறி எழுந்து விழ, வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"கெதியா வருவாவோ?" என்று கேட்டேன்.

"பசிச்சால் வருவா" என்றா. "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."